நீல வயர்

வீடு கோல்வெனுக்கு.
படகு எனக்கு.
வக்கீலின் தாளில் அதற்கு ஒரே வரி:
மோர்வ்ரான், ஒன்பதரை மீட்டர், வயது நாற்பத்தாறு,
உள்ளது உள்ளபடி.

உள்ளது எப்படி உள்ளது என்று
கமாரே துறையில் முட்டுக்கட்டைகள் மேல்
ஏற்றி நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.
மார்ச் மாதம். மழை படுக்கைவாட்டில் பெய்கிற ஊர்.

கம்பிகளை மாற்றினால்தான் கையெழுத்து
என்று எழுதிவிட்டது காப்பீடு.
எனோரா கிரேனோடு வந்தாள்.
பாய்மரத்தைப் பிடுங்கிக் கிடத்தினாள்.
நின்றபோது என்ன உயரம்!
படுத்தால் சும்மா ஓர் அலுமினியக் குழாய்,
நுனியில் கடற்காக்கை எச்சம்.

விலாக்கம்பியின் அடிமுனையில்
பஞ்சை ஓட்டிப் பாருங்கள் என்றாள்.
ஓரிடத்தில் பஞ்சு சிக்கி நூல் விட்டது.
பத்தொன்பது இழையில் ஒன்று அறுந்திருக்கிறது,
வெளியே தெரியாமல், முனைக்குழலுக்குள்ளேயே.
இதை நம்பித்தான் போன ஆகஸ்டில்
பிஸ்கே விரிகுடாவின் நடுவே
நன்றாகத் தூங்கினேன்.

"உவமை சொல்லிவிடாதீர்கள்,
விவாகரத்தானவர்கள் எல்லோரும்
இந்த இடத்தில்தான் சொல்வார்கள்" என்றாள் எனோரா.
வாயை மூடிக்கொண்டேன்.
விலை கேட்டேன்.
மறுபடி மூடிக்கொண்டேன்.

மின்சாரம் என் பங்கு.
பிரெஸ்ட் ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக
கிழவர்களின் கையில் நரம்பு தேடுகிறவள்,
வயர் தேட மாட்டேனா?

பலகையைத் திறந்தால் இடியாப்பம்.
சிவப்பாகப் புறப்பட்டது கறுப்பாக முடிகிறது.
மஞ்சள் பாதி வழியில் தொலைபேசிக் கம்பியாகிறது.
டேப் சுற்றிய முடிச்சுகளுக்குள் பச்சை பூத்த செம்பு.
ஒயின் பாட்டில் தக்கையில் செருகிய ஒரு ஃப்யூஸ்.
எதற்கும் பெயர் இல்லை.
"எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது" என்பான் கோல்வென்.
அந்தத் தலை இப்போது
என் பழைய வீட்டில், என் பழைய தலையணையில்.

ஒவ்வொன்றாக உருவினேன்.
தகரம் பூசிய புதுக்கம்பி இழுத்து
இரு முனையிலும் சீட்டு ஒட்டினேன்:
அணிய விளக்கு. ரேடியோ. ஆழமானி.
நீலம் ஒன்று மிஞ்சியது.
பேட்டரியில் கிளம்பி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
இருட்டுக்குள் போகிறது.
இழுத்தால் வரவில்லை. மீட்டர் வைத்தால் உயிர் இருக்கிறது.

போன் செய்தேன்.
"நீலமா?"
அவனுக்குப் பின்னால் யாரோ தட்டு கழுவும் சத்தம்.
"ஞாபகமில்லை."

வெட்டினேன்.
ஒன்றும் ஆகவில்லை.

இரவு இரண்டு மணிக்கு அவனே அழைத்தான்.
"வெட்டாதே! பம்ப் அது, அடித்தண்ணீர் இறைக்கிற பம்ப்.
எதை அணைத்தாலும் அது மட்டும் ஓட வேண்டும் என்றுதான்
நேராகப் பேட்டரியில் கொடுத்தேன்."
பதற்றம் எனக்காகவா படகுக்காகவா, கேட்கவில்லை.
"கரையில்தானே நிற்கிறது, எப்படி மூழ்கும்?" என்றேன்.
"மழை?" என்றான்.

டார்ச்சை அடித்தேன்.
தார்ப்பாய் காற்றோடு போயிருந்தது.
பாய்மரம் நின்ற ஓட்டை வழியாக
வானம் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.
தரைப்பலகைக்கு மேலே
என் செருப்புகளில் ஒன்று மட்டும்
சமையலறைப் பக்கம் பயணப்பட்டிருந்தது.

விடியும்வரை வாளியால் இறைத்தேன்.
போனை அவன் வைக்கவில்லை.
பேசவும் இல்லை, எங்களுக்குள் என்ன பேச்சு.
ஒருமுறை மட்டும் "நாற்பத்தொன்று" என்றான்.
வாளிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.
நான் கணக்கை விட்டிருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் மரம் ஏறியது.
அடியில் காசு வைப்பது வழக்கம்.
காசுக்குப் பதிலாக, வெட்டியெடுத்த
அந்த அறுந்த இழையை நீட்டினேன்.
எனோரா கையைத் தட்டிவிட்டாள்:
"எஃகு பட்டால் அலுமினியம் அரிக்கும். காசே போடுங்கள்."
இருபது சென்ட் போட்டேன்.

புதுக்கம்பிகளை முறுக்கி, சுண்டிப் பார்த்து,
இடது விலாவில் அரைச்சுற்று கூட்டிவிட்டு
பில்லை நீட்டிப் போனாள்.

மாலையில் உச்சி விளக்கைப் போட்டேன்.
மேலே வெள்ளையாக ஒரு பொட்டு.
மீட்டரில் பன்னிரண்டு புள்ளி ஏழு, இம்மி இறங்கவில்லை.
பலகையை மூடுமுன்
நீல வயருக்கு மட்டும் பெரிய சீட்டாக வெட்டி
மற்றவற்றைவிட அழுத்தி எழுதினேன்:
பம்ப். தகவல் கோல்வென்.
வெட்டாதே.