முன்பாரம்

எல்க் மவுண்டனைத் தாண்டியதும் இறக்கம்.
வயோமிங்கின் இந்தப் பக்கத்தில் மரம் கிடையாது,
காற்று எந்தத் திசை என்று சொல்ல
கம்பத்தில் ஒரு துணிக்குழாய்தான்.
அது தரைக்குக் கிடையாக விறைத்து நின்றது.

லோயல் ஓட்டினான்.
என் மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம்.
பின்னால் எங்கள் பதினாறடி வீடு:
ஓர் அடுப்பு, ஒரு மெத்தை, இரண்டு தட்டு,
ஏனோ நான்கு கோப்பை.

முதலில் சின்னச் சிணுங்கல்.
பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் எட்டிப் பார்த்தது,
மறைந்தது,
அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.
"ஒண்ணுமில்ல, காத்து" என்றான்.
முப்பத்தோரு வருடத்தில்
அவன் ஒண்ணுமில்ல என்று சொன்ன இடங்களுக்கு
என்னிடம் தனி வரைபடம் இருக்கிறது.

பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று கடந்தது.
அதன் காற்று எங்களைத் தள்ளியது, பிறகு உறிஞ்சியது.
இழுப்பது யார், இழுபடுவது யார்
என்று அரை நிமிடம் தெரியவில்லை.
அவன் கால் பிரேக்கைத் தேடிப் போனது.
மிதிக்காதே.
திருப்பாதே.
ஆக்சிலரேட்டரை மட்டும் விடு.

அவன் முழங்காலுக்கு மேலே ஒரு சின்ன நெம்புகோல்,
டிரெய்லருக்கு மட்டுமான பிரேக்.
நானே எட்டி அழுத்தினேன்.
ஆடிக்கொண்டிருந்தவனின் சட்டையை
யாரோ பின்னாலிருந்து பற்றியதுபோல்
எல்லாம் நேரானது.
விதைகள் மொத்தமும் தரையில்.

லாரமியில் டயர் கடை ஒன்றின் வெளிமுற்றம்.
எடைக்கருவியை எடுத்தேன்,
டாக்டர் அவனுக்குச் சொல்லி, நான் தவறாமல் கொண்டுவரும்
அதே குளியலறை எடைக்கருவி.
ஒரு பலகை.
ஒரு முனை கட்டையின் மேல், மறுமுனை கருவியின் மேல்.
கட்டையிலிருந்து ஓரடி, கருவியிலிருந்து இரண்டடி,
அங்கே இறக்கினோம் டிரெய்லரின் மூக்கை.
இந்த ஊரில் அதற்கு நாக்கு என்று பெயர்.

ஐம்பத்தெட்டு.
மூன்றால் பெருக்கினால் நூற்று எழுபத்து நான்கு பவுண்ட்.
மூவாயிரம் பவுண்ட் வண்டிக்கு
முந்நூறாவது வேண்டும் முன்பாரம்,
நானூற்றைம்பதைத் தாண்டவும் கூடாது.
நாக்கில் கனமில்லாவிட்டால் வால் ஆடத்தானே செய்யும்.

"போன மாசம் சரியா இருந்தது" என்றேன்.
லோயல் டயரை உதைத்துப் பார்த்தான்.
நன்றாக இருக்கும் டயரை.
"லோயல்."
இன்னொரு டயரை.

பின்கட்டிலின் பலகையைத் தூக்கினேன்.
நான்கு வாளி.
கல்லாகிப்போன மரம்:
ஆண்டு வளையங்கள் அப்படியே,
பட்டையின் சுருக்கங்கள் அப்படியே,
ஆனால் ஒவ்வொரு வாளியும் நாற்பது பவுண்ட்.
ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்குண்டு.
நான்கு நாளும் நான் புத்தகம் படித்திருந்தபோது
என் பங்கையும் சேர்த்தே பொறுக்கியிருக்கிறான்.

"சொன்னா வேண்டாம்னு சொல்லியிருப்ப, நெட்ரா."
சொல்லியிருப்பேன்.
ஒரு துண்டைக் கையில் எடுத்தேன்.
வெயிலில் பிடித்தால் உள்ளே தேன் நிறம்.
அழகாகத்தான் இருந்தது, அதையும் நான் சொல்லவில்லை.

அச்சுக்கு முன்னே, மேசைக்கு அடியில்
நான்கையும் நெருக்கி வைத்து
உருளாதபடி வாரால் கட்டினோம்.
முடிச்சை அவன் போட்டான், நான் இழுத்துப் பார்த்தேன்.
மறுபடி பலகை, மறுபடி கருவி.
நூற்றுப் பதினேழு.
"பெருக்கு" என்றேன்.
உதடு அசையப் பெருக்கினான்,
முந்நூற்று ஐம்பத்தொன்று என்று
மார்க் வாங்கிய பையன் முகத்தோடு சொன்னான்.
கருவியை மூடும் முன்
தானும் ஒருமுறை ஏறி நின்றான்.
நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஷையென் வரை பேச்சில்லை.
காற்று இருந்தது, லாரிகள் இருந்தன,
கண்ணாடியில் டிரெய்லர் மட்டும்
வேறு வேலை இல்லாததுபோல் பின்னாலேயே வந்தது.

நெப்ராஸ்கா எல்லைப் பலகை தெரிந்தபோது
தொண்டையைச் செருமினான்.
"உன் சீட்டுக்கு முன்னால, மிதியடிக்குக் கீழ
இன்னொண்ணு இருக்கு."

"தெரியும்" என்றேன்,
"ராக் ஸ்பிரிங்ஸிலிருந்து
என் கால் அதன் மேல்தான் இருக்கு."