ஒரு காப்பி விடுபட்ட அறிக்கை

கம்பளி ஆலை முதலாளி குவால்தியேரோ ரவசேங்கா
என் கோட்டின் காலரைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.
"நம்ம துணி" என்றார்.
ஆமாம். பட்டாளத்தில் கொடுத்தது.
போர் முடிந்ததும் கறுப்புச் சாயத்தில் முக்கிக்கொண்டேன்.
இரண்டு தரப்புக்கும் நெய்து விற்ற விரல்கள்
மனைவியின் புகைப்படத்தை மேசைமேல் தள்ளின.
"வியாழக்கிழமைகளில் எங்கே போகிறாள்?"

துரின் நகரத்து நவம்பர்.
மூடுபனிக்குள் டிராம் வருவது
முதலில் மணியாக, பிறகு மஞ்சளாக,
கடைசியில்தான் டிராமாக.
ஒர்த்தென்சியா இறங்குகிறாள்.
சாம்பல் நிறக் கையுறை. முத்துத் தோடு.
நடை மட்டும்
யாரோ கடன் கொடுத்த காலணியில் நடப்பதுபோல.

நான்கு வாரம் எழுதிக் கொடுத்தேன்:
மூன்று பத்து. ரயில் நிலையம்.
மூன்றாம் வகுப்புக் காத்திருப்பறை.
அம்மாள் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.
பக்கத்தில் கோழிக்கூடையோடு ஒரு குடியானவப் பெண்.
அவளிடம் இரண்டு ஆரஞ்சுச் சுளை வாங்கித் தின்றார்.
யாரும் வரவில்லை.
நான்கு நாற்பது. வீடு.

"யாருமேவா?"
அவர் கேட்ட விதத்தில்
யாராவது வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று பட்டது.
மடியில் கனமிருந்தால் வழியில் பயமென்பார்கள்.
இவருக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.
பதினோரு அறை, அறைக்கொரு சரவிளக்கு,
எதிலும் வெளிச்சம் போதவில்லை.
கூலியை இரட்டிப்பாக்கினார்.
எவனையாவது கொண்டுவா என்று
வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் வியாழன் மழை.
நிலையத்துக் கடைக்காரன்
என் முன்னால் ஒரு கோப்பையை வைத்தான்.
"நான் கேட்கவில்லையே."
"காசு வந்தாயிற்று.
நனைந்த கறுப்புக் கோட்டுக்காரருக்கு என்று
அந்த அம்மா."
திரும்பினேன்.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முதுகு மட்டும்.
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது,
நான் குடித்து முடிக்க நேரம் விட்டு.

சர்க்கரை போட்டிருந்தது.
ஒரு வருடமாக நான் சர்க்கரை வாங்கவில்லை.

அன்றிரவு தட்டச்சில்:
மூன்று பத்து. ரயில் நிலையம்.
யாரும் வரவில்லை.
நான்கு ஐம்பது. வீடு.

பத்து நிமிடம் ஏன் கூடியது என்று
ரவசேங்கா பென்சிலால் வட்டமிட்டார்.
மழை என்றேன்.
என்னையே பார்த்தார். பிறகு காலரை.
"மழைக்கெல்லாம் சுருங்காது நம்ம துணி" என்றார்.

கழுத்தை இறுக்கியது.