வியாழக்கிழமைச் சலவையறை

காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்தான்
சாவி எங்கள் கையில்.
அதற்குள் கூடாரம் கழுவிக் காய வேண்டும்.
பன்னிரண்டு அடித்தால்
மூன்றாம் மாடி இங்கோல்ட் அம்மா
கூடையோடு படியிறங்கி வந்துவிடுவா.

ஓல்டனில் இன்றைக்கும் பனிமூட்டம்.
சன்னலுக்கு வெளியே சைக்கிள் கொட்டிலைக்கூடக் காணவில்லை.
பச்சைத் துணியைத் தொட்டிக்குள் அமிழ்த்துகிறேன்.
தண்ணீர் முதலில் தேயிலைச் சாயம்,
பிறகு செங்கல்.
செஸ்ரியத்தில் மூன்று இரவு, மௌனில் ஐந்து,
இடையில் பெயர் கேட்க மறந்த
ஒரு பெற்றோல் நிலையத்தின் பின்வளவு,
எல்லாம் மடிப்புகளிலிருந்து இறங்கி
வெள்ளைத் தொட்டியின் அடியில் குந்துகின்றன.

சேந்தன் முளைகளை எண்ணுகிறான்.
பதினொன்று.
மறுபடி எண்ணுகிறான்.

பயணத்துக்குக் கணக்குக் கொப்பி போட்டவன் அவன்.
ராண்ட், புலா, டொலர், மூன்று பத்தி.
வானில் பைக்குத் தனி இருக்கைக் காசு கேட்டபோது
பையை மடியில் ஏற்றி
ஒன்பது மணித்தியாலம் கால் விறைக்க வந்தவன்.
ஒரு மீன் டின்னை இரண்டு நேரத்துக்குப் பிரித்தோம்.
நூடில்ஸ் அவித்த தண்ணீரையும் குடித்தோம்.
சிங்கம் பார்க்கும் ஜீப்புக்குக் காசு காணாது;
வேலிக்கரையில் நின்று
பார்த்துவிட்டு வந்தவர்களின் முகங்களைப் பார்த்தோம்.

"காசு குடுத்தோ தறப்பாளுக்குள்ள படுக்கிறியள்?"
மாமி தொலைபேசியில் கேட்டா.
நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.
சேந்தன் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மௌன்.
மௌனத்துக்கு ஒரு எழுத்துக் குறைவு என்று
போய் இறங்கிய அன்று நான் விட்ட பகிடி.
நாலாம் இரவு
ஆற்றுப் பக்கம் நீர்யானை ஒன்று
ஸ்டார்ட் எடுக்காத பழைய லொறிபோல் இருமியது.
"கிட்டவோ நிக்குது?" என்றேன்.
பக்கத்தில் ஆள் இல்லை.
பருவத்தின் முதல் மழை
கல் கொட்டுவதுபோல் கொட்டத் தொடங்கியிருந்தது.

சிப்பைத் திறந்தேன்.
நெற்றியில் விளக்கு, முழங்காலில் அவன்.
சாப்பாட்டுக் கரண்டியால்
கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுகிறான்.
ஒரு சாண் ஆழம்.
மண் எல்லாம் உள்பக்கம் அணையாக.
பள்ளம் பார்த்து ஒரு மூலையைத் திறந்துவிடுகிறான்.
யோசித்து வெட்டுகிற கை இல்லை அது.

"எங்க பழகினனீ?"
"செட்டிகுளத்தில. பதினாலு வயது."
கொஞ்ச நேரம் கழித்து,
"அப்ப கரண்டி இல்லை. சிரட்டை."

கலியாணம் கட்டி ஆறு வருடம்.
அந்த ஊரின் பெயர்
அவன் வாயிலிருந்து வந்தது அன்றுதான்.
மேலே எதுவும் கேட்காமல்
விளக்கை வாங்கிப் பிடித்தேன்.
வெளிச்சம் ஆடியது, கை குளிரில் நடுங்கியதால்,
அல்லது அதனால் இல்லை.

விடிந்தபோது
பக்கத்து ஒல்லாந்து சோடியின் மெத்தை
மிதந்து வாசலுக்கு வந்திருந்தது.
அந்த மனிதன் எங்கள் வாய்க்காலைப் படம் எடுத்தான்,
கோப்பி தந்தான்,
எங்கே கற்றாய் என்று கேட்டான்.
"சுவிஸ் ராணுவத்தில்," என்றான் சேந்தன்
முகத்தில் ஒன்றும் அசையாமல்.
பிறகு நாங்கள் இருவரும்
கழிப்பறைக் கட்டடத்தின் பின்னால் போய் நின்று
கண்ணில் நீர் வர வரச் சிரித்தோம்.

பதினொன்று ஐம்பது.
தண்ணீர் வடியும் ஓட்டையில் செம்மண் அடைத்துவிட்டது.
கழுத்து வளைந்த அதே கரண்டியால்
சேந்தன் அதைத் தோண்டி எடுக்கிறான்.
எறியவில்லை. ஒரு யோகட் கிண்ணத்தில் போடுகிறான்.
ஏன் என்று அவனும் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது முளை எங்கே என்று எனக்குத் தெரியும்,
வாய்க்கால் திறந்துவிட்ட மூலையில், சேற்றுக்குள்.
அவனுக்கும் தெரியும்.
என்றாலும் கொப்பியை எடுத்து
"முளை, 1" என்று எழுதிவிட்டு
எந்தப் பத்தியில் போடுவதென்று
பேனையை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறான்.

படியில் கூடை உரசும் சத்தம்.