மூன்றாவது வியாழன்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
தேன் கடைக்கு மேல் மாடி.
பாலத்தில் லாரி ஏறும்போதெல்லாம்
மேசையில் தம்ளர் தண்ணீர் நடுங்கும்.
முதல் நாள் ஐம்பது நிமிடமும்
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருமனையில் பால்வெட்டு என்றேன்.
முந்நூற்றிப் பத்து மரம்.
மூணு மணிக்கே நெற்றியில் விளக்கு கட்டிப் போவேன்,
தூக்கம் வராதவனுக்குத் தோதான வேலை.
அனிஷா சிரிக்கவில்லை.
"எப்போதிருந்து வரவில்லை?"

ஆறு வயதிலிருந்து.
குவைத்துக்குப் போகிற அன்று
போர்டிங் வாசலில் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு
கிறிஸ்மசுக்கு வந்திருவேன் மக்களே என்றாள் அம்மா.
வந்தாள்,
ஏழாவது கிறிஸ்மசுக்கு.
இடையில், படுக்கையை நனைத்தவனை
வார்டன் விறகுப்புரையில் பூட்டுவார்.
ரோட்டில் போகிற பஸ்ஸின் வெளிச்சம்
கதவிடுக்கு வழியே சுவரில் ஏறி இறங்கும்.
நாற்பத்தொன்று வரை எண்ணிய இரவு உண்டு.

பிரிஜிலாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.
தாய்வீட்டுக்குப் போனவள்
சொன்ன பஸ்ஸில் திரும்பாவிட்டால்
நாலு நாள் பேசமாட்டேன், அவ்வளவுதான்.
ஒருமுறை உள்ளே தாழிட்டு
மழையில் நிற்கவிட்டேன், இடுப்பில் பிள்ளையோடு.
மறுவாரம் அவள்தான் இந்த மாடியின் நம்பரைக் கொண்டுவந்தாள்.
"நீங்க போறியளா, நான் போகட்டா?"

வியாழன்தோறும் நாலு பத்து.
பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை அனிஷா.
போன வாரம் நான் பாதியில் விட்ட வாக்கியம்
அவளுக்கு ஞாபகமிருக்கும்.
விறகுப்புரையைச் சொன்ன அன்று என் விரல்கள் விறைத்தன.
கதவைத் திறந்து வைக்கட்டுமா என்று கேட்டாள்,
வைத்தாள்.
கீழே நேந்திரங்காய் வறுக்கிற எண்ணெய் வாசனை
உள்ளே வந்து உட்கார்ந்தது.

எடவப்பாதி மழை விட்ட சமயம் சொன்னாள்:
"ரெண்டு வியாழன் இருக்கமாட்டேன்.
மூணாவது வியாழன் இருப்பேன்."
சரி என்றேன்.

மூன்றாவது வியாழன் நான் போகவில்லை.
பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவரோரம் நின்றேன்.
மாடி ஜன்னலில் டியூப்லைட் எரிந்தது.
ஐந்து மணிவரை அணையவில்லை.

"போன வாரம் காத்திருந்தேன்.
கோபமா இருந்திருப்பீங்க."
இல்லை என்றேன்.
கையில் தம்ளர் நடுங்கியது.
பாலத்தில் லாரி எதுவும் போகவில்லை.

பிறகு கத்தினேன்.
அவளிடமா, அம்மாவிடமா, வார்டனிடமா,
இப்போதும் தெரியாது.
தேன் கடைக்காரர் அண்ணாந்து பார்த்திருப்பார்.
ஓய்ந்தபோது அவள் அதே நாற்காலியில் இருந்தாள்.
அடுத்த வியாழனும் இருந்தாள்.

வெட்டின பட்டை திரும்ப வளர
எத்தனை வருஷம் ஆகும் என்று ஒருநாள் கேட்டாள்.
ஏழு, எட்டு.
அதுக்குள்ள கத்தி வச்சா?
முண்டு போடும்.
ம் என்றாள். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

நேற்று எட்டரை பஸ்ஸில் பிரிஜிலா வரவில்லை.
வயிற்றுக்குள் விறகு வாசனை.
தாழ்ப்பாள்வரை கை போனது.
சோற்றை மூடி வைத்துவிட்டு
நெற்றி விளக்கோடு ஜங்ஷனுக்கு நடந்தேன்.
மூன்று பஸ் எண்ணினேன், பழக்கம்.
நாலாவதிலிருந்து இறங்கியவள்
தூங்கும் பிள்ளையை இறுக்கிக்கொண்டு
என் முகத்தைத் தேடினாள்.

"பயந்து போனேன்" என்றேன்.
கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில்
அந்த வார்த்தையை இப்போதுதான் கேட்கிறாள்.
பிள்ளையை என் தோளுக்கு மாற்றினாள்,
கண்ணைக் கூசிக்கொண்டே:
"அந்த வெளிச்சத்த கொஞ்சம் அங்கோட்டு திருப்புங்க."