காலம் கடந்த கோவைகள்

நிருவாகக் கட்டடத்தின் பின் அறை.
அலுமாரி மூன்று, தட்டு நான்கு.
கறையான் தொடங்கிவைத்த வேலையை
முடித்துவைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது:
ஏழு வருஷம் கழிந்த விபத்துகளை
அழிக்கலாம்.

நான் வாசிக்கத் தேவையில்லை, எண்ணினால் போதும்.
ஆனாலும் கைக்கு வந்த பக்கத்தைக்
கண் விடாது.

இரசாயனவியல் ஆய்வுகூடம். இடக்கை, மூன்று விரல்.
அமிலப் போத்தலின் அடி கழன்றது. சாட்சி இல்லை.
விடுதிச் சமையலறை, கஞ்சி வடிக்கையில்.
தெய்வானைப்பிள்ளை என்ற பெயருக்குக் கீழே
பெருவிரல் ரேகை,
அதன் நடுவில் மை ஒட்டாத கொப்புளம்.
தண்ணீர்த் தாங்கி கழுவ ஏறிய ஆறுமுகதாசன்
"தானாகவே விழுந்தார்" என்று ஆரோ எழுதி
தானாகவே என்பதை இரண்டு தரம் அடிக்கோடிட்டிருக்கிறார்.
நட்டஈடு கிடைத்ததா? அது வேறு கோவை,
வேறு அலுமாரி.
அதன் திறப்பு
வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனவரின் சட்டைப் பையில்.

தொண்ணூற்றைந்து ஒக்டோபருக்குப் பிறகு
மாதக்கணக்காய் ஒரு விபத்தும் இல்லை.
ஊரே வெளிக்கிட்டுப் போனால்
பணியிடம் பாதுகாப்பானதுதான்.

பிறகு, கட்டின் அடியில், தொண்ணூறு ஆடி.
க. பத்திநாதன், ஆய்வுகூட உதவியாளர். வலது முழங்கால்.
காரணம்: கூரை வழியாக வந்தது.
குறுக்கே சிவப்பு மை:
இது பணியிட விபத்தல்ல. நீக்குக.
தாளைப் புரட்டினேன்.
பின்பக்கத்தில் நாலு நாள் கழித்து
அதே பத்திநாதன், அதே முழங்கால்:
படியில் தடக்கி விழுந்தார்.
ஏற்கப்பட்டது. சம்பளத்துடன் லீவு இருபத்தொரு நாள்.
எழுத்து இரண்டும் ஒரே கை, நாகபூஷணி,
என் கதிரையில் எனக்கு மூன்று பேர் முன்னால் இருந்தவ.
பொய்யை எழுதும்போது மட்டும்
பேனையை அழுத்திப் பிடித்திருக்கிறா.
எந்தப் படி என்றும் எழுதியிருக்கிறா:
கீழிருந்து ஐந்தாவது.

எரிக்கச் சொல்லித்தான் சுற்றறிக்கை.
யோகச்சந்திரன் நெருப்புப் பெட்டியை
மேசையில் திருப்பி வைத்தார்.
"தாளைக் கொளுத்த என்னாலை ஏலாது மிஸ்.
இந்த ஊரிலை."
நீலப் பரலில் தண்ணி நிரப்பி
கட்டுக் கட்டாய் ஊறப்போட்டு
மண்வெட்டிப் பிடியால் கிண்டினார்.
பின்னேரம் மூன்று மணிக்கு
விரல்கள், முழங்கால்கள், ஒரு கண், சாட்சிகள் எல்லாம்
ஆடிக்கூழ் பதத்துக்கு வந்தன.
அவரின் முழங்கை வரைக்கும் ஊதா.

அந்த ஒரு தாள் என் லாச்சிக்குள் கிடந்தது.
பின்பக்கம் விபத்து: காலம் முடிந்தது, அழிக்கலாம்.
முன்பக்கம் விபத்தே அல்ல:
அதற்குக் காலம் இன்னும் தொடங்கவேயில்லை.
ஒரு பக்கத்தை மட்டும்
எப்படி ஊறவைக்கிறது?

படிவத்தில் எழுதினேன்.
அழிக்கப்பட்டவை: நூற்று நாற்பத்தொன்று.
எஞ்சியது: தாள் ஒன்று.
காரணம் என்ற இடத்தில் கொஞ்சநேரம் பேனை நின்றது.
கூரை வழியாக வந்தது என்று எழுதிக்
கையெழுத்து வைத்தேன்.

இந்தப் படிவத்தையும்
ஏழு வருஷம் வைத்திருக்க வேணுமாம்.