சுழியத்தில் பதினைந்து விழுக்காடு

குத்தாயிசியில், ரியோனி ஆற்றுப் பாலத்தருகே,
கீழே ரொட்டி அடுப்பு, மேலே எங்கள் அலுவலகம்.
கோடையில் வாடகை குறைவு. காரணம் கேட்க வேண்டியதில்லை.
நானும் பிட்சினாவும் மூன்று மேசைகளும்.
மூன்றாவது, விற்பவருக்கென்று வாங்கியது.
பதினோரு மாதம் அதன்மேல் எங்கள் குடைகள் காய்ந்தன.

நாங்கள் செய்த பொருள் எளிது.
ஜார்ஜியாவில் மளிகைக் கடைக் கல்லாவுக்கு அடியில்
ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். நிசியா என்பார்கள்.
எத்தனை ரொட்டி, எத்தனை சிகரெட்,
யார் ‘அப்புறம் தருகிறேன்’ என்று எடுத்துப்போனார்
எல்லாம் அதில் பென்சிலில் இருக்கும்.
அதைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தோம்.
மாதம் முப்பது லரி.

முதலில் வந்தவர் ஜும்பர்.
உட்கார்ந்த பத்தாவது நிமிடம்
என் மேசையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லி
திருப்பியும் போட்டார்.
“சம்பளமா? அது விற்கத் தெரியாதவனுக்கு.
கடைக்கு முதல் மூன்று மாதப் பணம் எனக்கு, போதும்.”
அந்தப் பேச்சில்
மிச்சமான காசு மட்டுமே என் காதில் விழுந்தது.

முதல் மாதம் இருபத்தாறு கடைகள்.
பிட்சினா மேசைமேல் ஏறினான். ஆடவில்லை, ஆனால் ஏறினான்.
நான்காம் மாதம் இருபத்து மூன்று கடைகள் நிறுத்தின.
அத்தைகள், ஞானஸ்நானப் பிள்ளையின் பெற்றோர்,
பட்டாளத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள்.
அவருக்காக வாங்கியிருந்தார்கள்.
ஜும்பர்மேல் எனக்குக் கோபமில்லை.
எதற்குக் கூலி என்று நான் எழுதினேனோ
அதைச் செய்துவிட்டுப் போனார்.

பிறகு சியாலா.
மருந்துக்கடையில் ஒன்பது வருடம் நின்றவர்.
ஒரே கேள்விதான் கேட்டார்:
“போனியே ஆகாத நாளில் பஸ்ஸுக்கு யார் காசு?”
பிட்சினா என்னைப் பார்த்தான்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
தொள்ளாயிரம் லரி என்றேன்.
விற்றால் வருடப் பணத்தில் பதினைந்து விழுக்காடு, அதற்கு மேலே.
அந்தத் தொள்ளாயிரத்துக்கு அதுவரை
என் சம்பளம் என்று பெயர்.

ஏழு வாரம்.
கோனி, சம்த்ரேதியா, செஸ்தபோனி, மறுபடி கோனி.
ஒரு கடைகூட இல்லை.
கணக்குத் தாளில் அவர் பெயருக்கு நேரே
சூத்திரம் ஒழுங்காக வேலை செய்தது:
சுழியத்தில் பதினைந்து விழுக்காடு.

எட்டாம் வாரம், திங்கள், ஈரக் காலணியோடு வந்து
கோனியில் ஒரு கடைக்காரம்மா கேட்டதைச் சொன்னார்:
“நல்லாத்தான் இருக்கு. இதில் கிழிக்க முடியுமா?”

எதை?

பக்கத்தை. ஆள் செத்துப்போனால்,
வேலை போனால்,
அம்மா இத்தாலியிலிருந்து பணம் அனுப்பாமல் விட்டால்
அந்த வீட்டின் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடுவாராம்.
யாருக்கும் சொல்வதில்லை.
‘உங்கள் மெஷின் எதையும் மறக்காதாமே.
அதுதான் வேண்டாம்.’
நாற்பத்தொரு கடையில் இதே பேச்சு, வேறு வேறு சொல்லில்.
நாற்பத்தொன்றையும் சியாலா எழுதிவைத்திருந்தார்.

‘எதையும் மறக்காது’ —
எங்கள் விளம்பரத்தின் முதல் வரி. நான் எழுதியது.

பிட்சினா மூன்று நாளில் ஒரு பொத்தான் வைத்தான்.
அழுத்தினால் பக்கம் போகும், தடயமில்லாமல்,
எங்களுக்கும் தெரியாமல்.
அடுத்த மாதம் ஒன்பது கடைகள். அதற்கடுத்து பதினாலு.
யாரும் நிறுத்தவில்லை.
ஒருவர் நிறுத்தினார், கடையையே.

விற்றதற்குக் கணக்கு உண்டு.
ஏழு வாரம் ஒன்றும் விற்காமல்
கடைக்குக் கடை நின்று கேட்டுக்கொண்டிருந்ததை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
பங்கு கொடு என்கிறான் பிட்சினா.
“பல் வைத்தியர் பங்கு வாங்கிக்கொள்வாரா?” என்கிறார் சியாலா.

நவம்பர் சம்பள நாளில் பணம் போதவில்லை.
அறுநூறு எண்ணிக் கொடுத்தேன்.
அவர் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போய்
ரொட்டிக்காரரிடம் பாதி தீர்ந்த நோட்டு ஒன்று வாங்கிவந்தார்.
மாவு ஒட்டிய பக்கத்தில் என் பெயர்.
சம்பளத்தில் முந்நூறு, கமிஷன் எழுநூற்று ஐம்பத்தாறு.

“இந்தப் பக்கத்தைக் கிழிப்பீர்களா?”
பாதி விளையாட்டாகத்தான் கேட்டேன்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
கை நீட்டினார்.
“பேனா இருந்தால் கொடுங்கள்.”