ஒன்றரை மில்லிமீட்டர்

பெட்டியின் மேல் எழுதியிருந்தது:
பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கு.
எனக்கு நாற்பத்தொன்று.
வெள்ளெழுத்துக்கு ருவைஸ் பஜாரில் வாங்கிய
பத்து திர்ஹம் கண்ணாடி,
அதன் மேல் இன்னொரு பத்து திர்ஹம் கண்ணாடி.

உடம்பை ஒட்டுவது சுலபம்.
இரண்டு பாதி, ஒரு வால், ஆறு ஜன்னல்.
ஒரு வெள்ளிக்கிழமை மதியத்தோடு சரி.
ரோட்டரில்தான் மூன்று வாரம் போயிற்று.

ஐந்து இறக்கை. ஐந்துக்கும் கீழே ஐந்து தண்டு,
சாய்வைக் கூட்டிக் குறைக்கிற தண்டு.
பெட்டியில் வந்தது தீக்குச்சியில் பாதிப் பருமன்.
நூற்று நாற்பத்து நான்கில் ஒன்று என்ற கணக்குக்கு
அது பச்சைப் பொய்.
எனக்குத் தெரியும்.
கடலுக்குள் போய் வருகிற ஒவ்வொன்றின் மீதும்
ஏணி போட்டு ஏறி
நல்ல தண்ணீர் அடித்து உப்புக் கழுவுகிறவன் நான்.
அவற்றின் அக்குள் வரை பழக்கம்.

செத்துப்போன இயர்ஃபோன் ஒயரைக் கீறி
செம்பு நரம்பு ஒன்றை உருவினேன்.
நகவெட்டியால் நறுக்கினேன், ஒன்றரை மில்லிமீட்டர்.
ஊசிமுனையில் பசை.
ஏசியை அணைத்தேன். ஜூலை மாதம்.
திலக் பகதூர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து
நேபாளியில் ஏதோ சொன்னான்,
மொழி தெரியாவிட்டாலும் புரிகிற ஒரு சொல்.
ஸ்தனிஸ்லாஸுக்குத் தும்மல் வந்தால்
கழிவறைக்கு ஓடிவிட வேண்டும் என்று ஒப்பந்தம்.
பாவம், இரண்டு முறை ஓடினான்.

நான்கு நின்றன.
ஐந்தாவது இடுக்கியிலிருந்து தெறித்தது.
அவ்வளவு சின்னது விழும்போது
விழுந்த இடத்துக்கே தெரிவதில்லை.

செல்போன் வெளிச்சத்தைத் தரையோடு படுக்கவைத்து
கைலியில், முழங்காலில், நாலு ஆம்பிளைகள்.
கிடைத்தவை ஒரு சிம் கார்டு, இரண்டு சட்டைப் பொத்தான்,
எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் வறுகடலை.
"வேற ஒண்ணு வெட்டேன்" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.
வெட்டலாம்.
ஆனால் அந்த நரம்பில் மிச்சமில்லை.
மற்ற நான்கும் அதே நரம்பு
என்பதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இறக்கைகளையும் நேராகத்தான் தந்திருந்தான்.
நின்றுபோன ரோட்டரைப் பார்க்காதவன் போல.
சுற்றும்போதுதான் விறைப்பு எல்லாம்.
நின்றதும் ஐந்தும் நுனி தாழ்ந்துவிடும்.
எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது,
கையால் காட்டுவேன்.
சுலைமானி ஆவியில் பிடித்து
ஷேவிங் கிரீம் டப்பாவின் வளைவில் வைத்து அழுத்தினேன்.
மூன்றாவது கொஞ்சம் அதிகமாக வளைந்தது.
ஹேங்கரிலும் ஒன்று அப்படித்தான் இருக்கிறது என்று
என் பங்குக்கு நானும் ஒரு பொய் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அதிகாலை
இரவு ஷிப்ட் முடிந்து வந்த நிஸ்தார்
ஒளுச் செய்யப் போனவன் பாதியில் திரும்பினான்.
தாடியில் நீர் சொட்டுகிறது.
சுட்டுவிரலை ஆடாமல் நிமிர்த்தி
இன்னொரு கையால் அதற்குக் காற்று மறைத்து வருகிறான்.
நுனியில், ஒரு சொட்டுத் தண்ணீருக்குள், செம்பு.
"பேசின்ல விழுந்துச்சு. ஒன்னோடதா பாரு."

மூன்று நாள் அந்தத் தாடியில் இருந்திருக்கிறது.
எத்தனையோ ஒளுவில் நனைந்திருக்கிறது,
எத்தனையோ தொழுகையில் அவனோடு நெற்றி வைத்திருக்கிறது,
இரண்டு தடவை பிரியாணி சாப்பிட்டிருக்கிறது.
வாங்கி ஒட்டினேன்.
யாரும் கேட்காமலே திலக் பகதூர் ஏசியை அணைத்தான்.

சனிக்கிழமை வேலை.
ஏணி, குழாய், உப்பு பூத்த ரோட்டர்.
அந்தத் தண்டு ஒரு சாண் நீளம்,
இரண்டு பெருவிரல் சேர்த்த பருமன்.
பதினோரு வருடமாக அதைப் பிடித்துத்தான்
மேலே எட்டிக் கழுவுகிறேன்.
இன்று கை பக்கத்தில் போய் நின்றுவிட்டது.
கீழேயிருந்து சூப்பர்வைசர் கத்தினார், என்ன ஆச்சு?

ஒன்றுமில்லை சார்
என்று சொல்ல
பிடித்திருந்த மூச்சை விட வேண்டியிருந்தது.
விட்டேன்.
எதுவும் பறந்துபோகவில்லை.